பஸ் வராத வீட்டுக்கு மாப்பிள்ளை வருவதில்லை

மகன்,

ஸலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். எவ்வளவு கோபம் வந்தாலும் ஸலாமை விடக்கூடாது என்பது உன் வாப்பாவின் கட்டளை. ஆனால் சுகம் விசாரிக்க மாட்டேன். நீ சுகமாகத்தான் இருக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் உன் குரலிலேயே தெரிந்தது. "உம்மா, ஒரு சின்ன உதவி" என்றாய். ஆற்றங்கரைச் சனத்தையும் எழுப்பி எங்கள் வீட்டுத்திட்டத்துக்குப் பின்னால் இருக்கிற காணியில் குடியேற்றப் போகிறீர்களாம். அது இரண்டாம் கட்டமாம். சனம் மறுக்கிறதாம். "நீங்க போய் ஒருக்கா கதைங்க உம்மா. நம்மட துறையடிச் சனத்தோட கதைச்ச மாதிரி. நீங்க சொன்னாக் கேப்பாங்க" என்றாய். நான் "பாப்பம்" என்றேன். அந்தப் பாப்பத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நன்றியும் சொல்லி வைத்துவிட்டாய்.

இது அதற்குப் பதில். இதைத் தொலைபேசியிலேயே ஏசித் தீர்த்திருக்கலாம், எனக்கு ஏசத் தெரியாதா? ஆனால் உன் சொல்லை நான் ஊருக்கு நடுவில் நின்று சொன்னவள். அதனால் பதிலையும் ஊர் கேட்கத்தான் சொல்லவேண்டும் என்று முடிவெடுத்து, பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். யாருடைய பெயரும் போடவில்லை. கிண்ணியாவில் பெயர் போட்டுத்தான் ஆளைத் தெரியவேண்டும் என்றில்லை, வாசிக்கிறவர்கள் தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

துறையடியில் எங்கள் பழைய வளவு உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடல்நீர் தேங்கும் களப்புக்கும் பெரிய வீதிக்கும் இடையில் ஒரு ஒழுங்கை. ஒழுங்கை வாசலில் நின்று கையைக் காட்டினால் பாலம் தாண்டித் திருகோணமலைக்குப் போகிற பஸ் நிற்கும். அது என் உம்மாவின் உம்மா வழி வந்த காணி. மாரி வந்தால் குசினிக்குள் தண்ணீர் ஏறும், அடுப்பைத் தூக்கி மேசைமேல் வைத்துச் சமைத்திருக்கிறேன். ஆகவே நாங்கள் அந்த மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற சனமில்லை. வீதியை அகலமாக்கக் காணி வேண்டும், உங்களுக்கு மேட்டில் நல்ல வீடு தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோது, சரி யோசிப்போம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். யோசிக்க வைத்த ஆள், அந்தத் திட்டக் கந்தோரில் உத்தியோகம் பார்க்கிற நீ.

அன்றைக்கு அந்தப் பெரிய வரைபடத்தைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்தாய். காற்றுக்குச் சுருண்டுகொண்டே இருந்தது. உன் தங்கச்சி நாலு மூலையிலும் தேநீர்க் கோப்பை வைத்தாள், உன் கந்தோர்ப் படத்தில் கறை பட்டுவிடும் என்று நீ சத்தம் போட்டாய், பிறகு நீயே சிரித்தாய். வீடெல்லாம் மஞ்சள், பள்ளிக்கூடம் நீலம், கடைகள் ஊதா, நடுவில் சிவப்பாக ஒரு தடித்த கோடு. "இதுதான் பஸ் றோட்" என்றாய். "காணிய வேறையா, வீட்ட வேறையா, பஸ்ஸ வேறையா யோசிக்கிறதாலதான் உம்மா நம்மட ஊரெல்லாம் இப்பிடிக் கிடக்கு. இது மூண்டும் ஒண்டு. கதவைத் திறந்து நடந்தா பஸ். பஸ்ஸில ஏறினா வேலை. திரும்பி வரக்குள்ள கடை. ஒருத்தருக்கும் அலைச்சல் இல்ல" என்றாய். அடேயப்பா, என்ன அழகாகச் சொன்னாய்! நான் குசினிக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். எங்கேயோ கட்டடம் கட்டுகிற படிப்பு என்று நினைத்திருந்தேன், என் பிள்ளை ஒரு ஊரை ஊராக நினைக்கப் படித்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பஸ் கட்டாயம் வருமா மகன்?" நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தே சொன்னாய்: "வீட்டோட சேர்ந்து வரும் உம்மா."

அதை நம்பித்தான் நான் வீடு வீடாகப் படியேறினேன். மாதர் சங்கத் தலைவி என்றால் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி மாலை வாங்குகிற வேலை என்று நீங்கள் கந்தோரில் நினைக்கிறீர்கள் போல. ஒவ்வொரு வீட்டிலும் குந்தி, ஒவ்வொருவருடைய குறையும் கேட்டு, பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட்டுத்தான் ஒரு சம்மதம் வாங்கமுடியும். உன் படம் என் கையில் இல்லை, ஆனாலும் எனக்கு மனப்பாடம். மஞ்சள், நீலம், ஊதா எல்லாம் சொன்னேன். சிவப்புக் கோட்டை மட்டும் நின்று நிதானமாகச் சொன்னேன். கடைசிவரை மசியாதது, நாங்கள் எல்லோரும் அக்கா முறையில் கூப்பிடுகிற இடியப்ப ராத்தாதான். விடியமுதல் அவித்து, வேலைக்குப் போகிறவர்களுக்குப் பஸ் தரிப்பில் விற்று, மிச்சத்தைக் கடைத்தெருத் தேநீர்க்கடைகளுக்குக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்த மனுஷி. "பஸ் வருமெண்டா நானும் வாறன் புள்ள. வராட்டி நான் அவிச்சத ஆருக்கு விக்கிற, யானைக்கா?" என்று கேட்டா. "வரும் ராத்தா. என்ட மகன் என்ட முகத்தப் பாத்துச் சொன்னவன்" என்றேன். அவ பேனையை வாங்கினா. ஒப்பம் வைத்தா.

வீட்டைக் குறை சொல்ல மாட்டேன், நன்றிகெட்டவள் என்று பெயர் எடுக்க எனக்கு விருப்பமில்லை. சுவர் நேராக இருக்கிறது, கூரை ஒழுகவில்லை, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. தரைக்கு ஓடு பதித்திருக்கிறீர்கள், என் வயதில் அதில் வழுக்கி விழாமல் நடக்கப் பழகிவிட்டேன். ஆனால் உன் சிவப்புக் கோடு தார் போடாத ஒரு கிறவல் பாதை. வீடுகளுக்கு நடுவால் வந்து, முள்வேலியில் முட்டி நிற்கிறது. ஊதா நிறத்தில் கடை வரவேண்டிய இடத்தில் இன்னும் வீடு கட்டினீர்கள், ஏனென்றால் வீட்டுக்குத்தான் காசு ஒதுக்கியிருந்ததாம். பஸ் ஏற வேண்டுமானால் வாய்க்கால் கரையால் வயல் முழுக்கக் கடந்து பெரிய வீதிக்கு நடக்கவேண்டும். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுக்கவேண்டும், பொழுது பட்டால் யானைப் பயம். ஆண்கள் எப்படியோ ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் தேடிக்கொண்டார்கள். பெண்களுக்கு வீடு கிடைத்தது, அவ்வளவுதான். சந்தைக்குப் போகிறதென்றால் புருஷன்மார் ஏற்றிப்போகிற நேரம் பார்க்கவேண்டும், கிளினிக்குக்குப் போகிறதென்றால் ஓட்டோவைக் கெஞ்சவேண்டும். பின்னேர வகுப்புக்குப் போய்வந்த பெண்பிள்ளைகளில் பாதிப்பேரை வீட்டில் மறித்துவிட்டார்கள். இடியப்ப ராத்தா கொஞ்சக் காலம் ஓட்டோவில் கொண்டுபோய்ப் பார்த்தா. விற்றது ஓட்டோக்காரனுக்கே சரியாகப் போனதும் விட்டுவிட்டா. இப்போது மகள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வாசலில் இருக்கிறா. நான் அந்தப் பக்கத்தால் போனால் "வாங்க தலைவி" என்பா. முன்பெல்லாம் "புள்ள" என்றுதான் கூப்பிடுவா.

இவ்வளவையும் நான் உன்மேல் போடாமல் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். அரசாங்க வேலை என்றால் சுணங்கும், என் பிள்ளை என்ன செய்வான் பாவம் என்று உனக்காக எல்லோரிடமும் வாதாடினேன். உன் தங்கச்சியின் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் என் வாய் அடைத்தது.

வெளியூரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு எங்கள் வழக்கம் புதினமாக இருக்கும். அங்கெல்லாம் பெண், மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறாள். எங்களிடம் மாப்பிள்ளை, பெண் வீட்டுக்கு வந்து சேருகிறார். பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு வீடு கட்டுவதுதான் தாய் தகப்பனின் யோசனை. அப்படியானால் ஒரு பெண்ணுக்கு ஒரு இடத்தில் வீடு கொடுப்பது என்றால் என்ன? அவளுடைய மாப்பிள்ளை ஆயுள் முழுக்க எங்கேயிருந்து வேலைக்குப் புறப்படவேண்டும் என்று தீர்மானிப்பது. அந்த இடத்தில் பஸ் இல்லாவிட்டால் வேலை உள்ள மாப்பிள்ளை அங்கே வரமாட்டார். நீங்கள் குடும்பங்களைக் கணக்கெடுத்தீர்கள், கல்யாண வயதில் இருக்கிற குமர்ப்பிள்ளைகளைக் கணக்கெடுக்கவில்லை. இதை உன் படிப்பில் சொல்லித்தரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். உன் சொந்த வாழ்க்கை சொல்லித்தந்ததே, மகன்! நீயும் மாப்பிள்ளையாக மூதூருக்கு அங்கால் போய் இருந்தவன்தானே. ஒரு மாதம் ஆகவில்லை, என்னிடம் வந்து "விடியப் பஸ்ஸ விட்டா அண்டைக்கு வேலை போச்சு உம்மா, ஏலாது" என்று தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாய். பிறகு மனைவியையும் கூட்டிக்கொண்டு நகரத்துக்குள், ரவுணில் வாடகை வீடு எடுத்தாய். உன் மாமி பாவம், மகளுக்கென்று கட்டிக்கொடுத்த வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு வாசலைக் கூட்டுகிறா. பஸ் இல்லாத வீடு என்றால் என்னவென்று உன்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

தங்கச்சிக்கு வந்த மாப்பிள்ளை நல்ல பிள்ளை. துறைமுகத்தில் முறைவேலை, ஒரு கிழமை ஏழு நாளும் பகல், அடுத்த கிழமை இரவு. அவருடைய உம்மா வீடு பார்க்க வந்தா. தரையோட்டைப் புகழ்ந்தா, குழாயைத் திறந்து பார்த்தா, தேநீர் குடித்தா. பிறகு வாசலில் நின்று அந்தக் கிறவல் பாதையைப் பார்த்துக்கொண்டே கேட்டா: "வீடு அழகு. எங்கட மகன் இரவு வேலை முடிஞ்சு எதில வந்து சேர்ற?" நான் மோட்டார் சைக்கிள் என்றேன். "விடிய விடியக் கண் முழிச்ச புள்ளைய இந்த றோட்டில மோட்டார் சைக்கிள்ள விடச் சொல்றீங்களா? நீங்க உங்கட மகன விடுவீங்களா?" என்று கேட்டா.  ஊருக்கெல்லாம் பதில் சொல்கிற தலைவி, என் மகளுடைய வாசலில் குனிந்து அவ போட்டுவந்த செருப்பை எடுத்துவைத்தேன். உள்ளே தங்கச்சி தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினாள்.

அந்தக் கிழமைதான் பள்ளிக்கூட மண்டபத்தில் உங்கள் கூட்டம். நீ முன்வரிசைக் கதிரையில், கந்தோர் ஆட்களோடு. இடியப்ப ராத்தா எழும்பி, பஸ் எப்போது வரும் என்று கேட்டா. உனக்குப் பக்கத்தில் இருந்த அந்த இளம் அதிகாரி, பாவம், புதிய பிள்ளை, மறைக்கப் பழகவில்லை. "பஸ் இந்தத் திட்டத்தில் ஆரம்பத்திலேயே இல்லை அம்மா. அது வேறு திணைக்களம். நாங்கள் கேட்டபோதே ஏலாது என்று சொல்லிவிட்டார்கள்" என்றாள். ஆரம்பத்திலேயே! நான் உன்னைப் பார்த்தேன். நீ தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாய். மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. 

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேனே, நினைவிருக்கிறதா? "படம் கொண்டுவந்த அண்டைக்கே உனக்குத் தெரியுமா?" என்று. "தெரியும் உம்மா" என்றாய். மறுக்கவில்லை, அதற்காவது அல்லாஹ்வுக்கு நன்றி. வீட்டுக்கு மட்டும்தான் காசு வந்தது, வேண்டாமென்றால் அதுவும் திரும்பிப் போயிருக்கும், சனம் போய்க் குடியிருந்தால் பஸ் தானாக வரும் என்று நினைத்தோம் என்றாய். அதெல்லாம் சரி. "அப்ப ஏன் என்னட்ட மறைச்சனீ?" என்று கேட்டேன். நீ சொன்ன பதிலை நான் கபுறுக்குப் போகும்வரை மறக்கமாட்டேன். "உங்களுக்குச் சொன்னா நீங்க சனத்துக்குச் சொல்லிருவீங்களே உம்மா."

ஓம், சொல்லியிருப்பேன். வீடு மட்டும்தான் இருக்கிறது, பஸ் இல்லை, விருப்பமானவர்கள் வாருங்கள் என்று சொல்லியிருப்பேன். வெள்ளத்துக்குப் பயந்தவர்கள் அப்போதும் வந்திருப்பார்கள், நானே வந்திருப்பேனோ என்னவோ. ஆனால் ராத்தா வந்திருக்கமாட்டா. குமர்ப்பிள்ளை உள்ள வீடுகள் பெரிய வீதிப் பக்கம் வேறு காணி கேட்டிருக்கும். யோசிக்கிற உரிமை அவர்களுக்கு இருந்திருக்கும். நீ அந்தப் படத்தை முதன்முதலில் என் மேசைக்குக் கொண்டுவந்தபோது, உம்மாவுக்குக் காட்டத்தான் கொண்டுவந்தாய் என்று நினைத்தேன். இல்லை, நீ சங்கத் தலைவிக்குக் காட்டினாய். உன் திட்டத்தில் வீட்டுக்குக் காசு இருந்தது, பஸ்ஸுக்குக் காசு இல்லை, அந்த இடைவெளியை அடைக்க என் வாய் இருந்தது. எனக்கு நோவது அதுதான், மகன். இரவில் இதை நினைத்தால் எழும்பி இருந்துவிடுகிறேன். வேறு யாரும் செய்திருந்தால் ஏசிவிட்டு மறந்திருப்பேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் படிப்பில்லை. உன் படிப்பு சரியான படிப்புத்தான், காணியும் வீடும் பஸ்ஸும் ஒன்று என்று நீ சொன்னது இன்றைக்கும் சரிதான், அதில் வாழ்ந்து பார்த்துச் சொல்கிறேன். ஆனால் மூன்றில் ஒன்று இல்லாதபோது இல்லை என்று சொல்லவேண்டும். படத்தில் ஒரு கோடு கீறினால் அந்தக் கோட்டில் ஓடப்போகிறவன் யார் என்று முதலில் அவனிடம் போய்க் கேள். அவன் ஏலாது என்றால் அந்தக் கோட்டை அழித்துவிட்டு எங்களிடம் வா. அழித்த படத்தோடு வந்தாலும் நாங்கள் தேநீர் தருவோம்.

இனி ஆற்றங்கரை. நீ கேட்டபடி போனேன். வியாழக்கிழமை, ராத்தாவையும் கூட்டிக்கொண்டு. பெண்கள் ஒரு வீட்டு முற்றத்தில் கூடியிருந்தார்கள், பாய் விரித்து வெற்றிலைத் தட்டமும் வைத்திருந்தார்கள். நான் வாய் திறக்கமுதலே ஒரு பிள்ளை கேட்டாள். "உங்கட மகன் அனுப்பினவரா?" "ஓம், அவன்தான் அனுப்பினவன்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், வீடு நல்லதென்றும் சொன்னேன், பாதை முள்வேலியில் முட்டுகிறதென்றும் சொன்னேன். ராத்தா தன்னுடைய கதையைத் தானே சொன்னா. "அப்ப நாங்க போகக் கூடாதா?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள், ஆற்றங்கரையிலும் மாரிக்குத் தண்ணீர் ஏறுகிறது. "போங்க புள்ள. தண்ணிக்குள்ள கிடந்து என்ன செய்யப் போறீங்க? ஆனா பஸ் ஓடத் தொடங்கினாப் பிறகு போங்க. பஸ் வந்து, ஒரு மாரி முழுக்க நிக்காம ஓடினாப் பிறகு ஒப்பம் வைங்க. அதுக்கு முதல் ஆர் வந்து கேட்டாலும் வைக்காதீங்க, நான் வந்து கேட்டாலும் வைக்காதீங்க" என்றேன். அங்கே பஸ் போகிறதென்றால் எங்கள் வீடுகளைத் தாண்டித்தான் போகவேண்டும், அதனால் எங்களுக்கும் பஸ் கிடைக்கும், அது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதை மறைக்காமல் அவர்களுக்கே சொன்னேன்.

அவர்கள் ஒப்பம் வைக்கவில்லை. அன்றைக்குப் பொழுதுபடவே நீ தொலைபேசியில் வந்துவிட்டாய். "எனக்கு என்ன செஞ்சிட்டீங்க எண்டு தெரியுமா உம்மா? மேல உள்ளவங்க என்னத்தான் கேப்பாங்க" என்று கத்தினாய். தெரியும் மகன். மேலே உள்ளவர்கள் உன்னைக் கேட்பார்கள். என்னைப் பக்கத்து வீட்டில் உள்ளவர்கள் கேட்கிறார்கள். உன் உத்தியோகத்துக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறேன், நீ நம்பினால் நம்பு.

கடைசியாக, தங்கச்சியின் விஷயம். மாப்பிள்ளை வீட்டார் இரங்கி வந்திருக்கிறார்கள். அவள் ரவுணில் அவர்கள் வீட்டுக்குப் போகிறாள். என் உம்மா, என் உம்மாவின் உம்மா, எவரும் தாய் வீட்டை விட்டுப் போய்க் குடித்தனம் நடத்தியதில்லை, இவள்தான் முதல் ஆள். அவள் அழவில்லை. "நல்லம்தானே உம்மா, அங்க வாசல்லயே பஸ் நிக்கும்" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரவுண் பக்கத்தில் காலப்போக்கில் அவளுக்கென்று ஒரு வீடு எடுத்துத் தருவோம் என்று எங்கள் பக்கத்தால் சபையில் வாக்குக் கொடுக்கவேண்டுமாம். மாமியார் அது ஒன்றைத்தான் கேட்டிருக்கிறா, கேட்டதில் நியாயம் இருக்கிறது.

பெருநாள் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு கல்யாணப் பேச்சு. நீ கட்டாயம் வா. மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, உனக்குப் பிடித்த வட்டிலப்பமும் செய்வேன். பள்ளிவாசல் மரைக்கார்மாரும் மாப்பிள்ளை வீட்டாரும் இருக்கிற சபையில், வழக்கப்படி, பெண்ணின் மூத்த சகோதரன், நானாதான் வாக்குக் கொடுக்கவேண்டும் என்பது உனக்குத் தெரியும். நீ தங்கச்சியின் நானா, உன் இடத்தில் நீ இரு. ஆனால் வாக்கை உன் வாப்பா கொடுப்பார். அவர் ஒரு நாளும் சபையில் கதைத்தவரில்லை. இப்போது அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகுகிறார், "எங்கட புள்ளைக்கு" என்பதைத் தாண்டமுதல் நிறுத்தி, திரும்பவும் முதலில் இருந்து தொடங்குகிறார். சபை காத்திருக்கட்டும், அவர் சொன்னால் அவர்கள் நம்புவார்கள்.

உன் உம்மா